மூன்றாவது பின்

அனுப்பிய பதிவு மறுபடியும் திரும்பி வந்தது. "குரல் நன்றாக இருக்கிறது, அடியில் உம்மென்று ஒரு இரைச்சல்" என்று எழுதியிருந்தார்கள். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது என் வேலை. பீளமேட்டில் சுப்பண்ணன் ஐயா வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்ட சின்ன அறைதான் ஸ்டூடியோ.

வரிசையாகச் சோதித்தேன். மைக்கை மாற்றினேன், ஒயரை மாற்றினேன். மின்விசிறியையும் ட்யூப்லைட்டையும் அணைத்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து, ஒலிப்பதிவு கார்டை பவர் சப்ளைக்குப் பக்கத்திலிருந்து எடுத்துத் தள்ளியிருந்த இடத்தில் செருகினேன். அதற்கான சாப்ட்வேரை அழித்துத் திரும்பப் போட்டேன். பலனில்லை. இரைச்சல் எப்போதும் இருக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் சுத்தமாக இருக்கும், பிறகு ஏறும். ஏறும்போது கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்வது போலிருந்தது.

கச்சேரிகளுக்கு சவுண்ட் செட் போடும் ஸ்ரீனிவாஸைப் போனில் பிடித்தேன்.

"பிளக்குல மூணாவது பின் தடியா இருக்குதில்லீங்க்கா, அதுதான் எர்த்து. அது சேராத மாதிரி ரெண்டு பின் பிளக்குல போட்டுப் பாருங்க. நாங்கெல்லாம் அப்படித்தான்."

"ஒண்ணும் ஆகாதில்ல தம்பி?"

"ஆகியிருந்தா நான் இப்ப ஆவியாவா பேசிட்டிருக்கறேன்?" என்று சிரித்தான்.

அப்படியே செய்தேன். இரைச்சல் அடியோடு நின்றது. சந்தோஷத்தில் அன்றைக்கே இரண்டு பாடங்களை வாசித்து முடித்தேன்.

சாயங்காலம் கீழே போனபோது, ஐயாவின் மனைவி முத்தாத்தாள் அம்மா புழக்கடையில் வாஷிங் மெஷினில் துணி போட்டுக்கொண்டிருந்தார். காலில் தடித்த ரப்பர் செருப்பு.

"ஏனுங்கம்மா, துணி துவைக்கச் செருப்புங்களா?"

"இந்த மெசினுக்கு என்னைக் கண்டா ஆகாது கண்ணு. வெறுங்காலோட தொட்டா சுர்ருனு இழுக்குது. எங்க மாமியாகிட்டச் செருப்பைக் கழட்டிப்போட்டு நிக்கோணும், இதுகிட்டப் போட்டுட்டு நிக்கோணும்."

"எப்ப இருந்துங்க?"

"வாசல்ல டைல்ஸ் போட்டமே, அதுல இருந்துதான். எர்த்துக் குழிய மூடி, மேல கார் நிறுத்தியாச்சு." மூடியைச் சாத்தினார். "நாளைக்கு பழனிக்கு மாலை போடறேன் அம்மணி. பூசம் வரைக்கும் செருப்பைத் தொடக்கூடாது. முருகன் பாத்துக்குவான்."

மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் மாடிக்கு ஓடி, பழையபடி மூன்று பின் பிளக்கைச் செருகி ஹெட்போனை மாட்டினேன். உம்மென்று இரைந்தது. மேலிருந்து கத்தி மெஷினை நிறுத்தச் சொன்னேன். இரைச்சலும் நின்றது.

புரிந்துவிட்டது. தண்ணீர் ஊற்ற வழியில்லாமல் எர்த்துக் குழி காய்ந்துவிட்டதால், மெஷினில் கசியும் கரண்ட் மண்ணுக்குள் இறங்க முடியாமல் எர்த் ஒயரில் வீடு முழுக்கச் சுற்றுகிறது. அதில் கொஞ்சம் என் கார்டுக்குள் வந்து இரைகிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு அந்த அம்மா மெஷினைத் தொட்டால், மிச்சம் அத்தனையும் அவர் உடம்பு வழியாக இறங்கும்.

நான் சொன்னதையெல்லாம் சுப்பண்ணன் ஐயா பொறுமையாகக் கேட்டார்.

"மில்லுல கரண்டு வேலை பாத்தவனுங்க நானு. இந்த ஊட்டு ஒயரிங் பூரா என்ர கையால இழுத்தது. உங்க கம்ப்யூட்டர்ல சத்தம் வந்தா என்ர வாசலை ஒடைக்கறதுங்களா? பூசம் போகட்டும், பாக்கலாமுங்க."

இந்தப் பக்கம் 'பாக்கலாமுங்க' என்றால் முடியாது என்று பொருள். முகத்துக்கு நேரே அதற்கு மேல் சொல்லமாட்டார்கள்.

அந்த அம்மாவிடம் மெஷினைத் தொடவேண்டாம் என்று கெஞ்சினேன். "செரிங்க கண்ணு" என்றார். அதுவும் அந்த மாதிரிச் சொல்தான்.

மறுநாள் பச்சைச் சேலையும் மாலையுமாக, வெறுங்காலோடு அவர் கோயிலிலிருந்து திரும்பி வந்தார். அன்று நான் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. மூன்று பின் பிளக்கில் கம்ப்யூட்டரைப் போட்டு, ஹெட்போனில் வெறும் அறையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஏறியது.

ஹெட்போனை வீசிவிட்டுப் படியிறங்கினேன். மெயின் சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே. இரண்டு கையாலும் இழுத்து இறக்கினேன்.

வீடு அடங்கியது. புழக்கடைப் பக்கம் சத்தமே இல்லை.

"கரண்டு போயிருச்சுங்களா?" முத்தாத்தாள் அம்மாவின் குரல். "இப்பத்தான் போட்டுட்டு சோப்பெடுக்கத் திரும்பினேன், அதுக்குள்ள."

சுப்பண்ணன் ஐயா வெளியே வந்து, சுவிட்சின் மேலிருந்த என் கையைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டுங்க எறக்குனீங்க?"

"எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க ஐயா. அவர் வர்ற வரைக்கும் கையை எடுக்கமாட்டனுங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து, எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மத்தியானம் சோத்துக்குப் போவீங்கல்லங்க அம்மணி" என்றார். "அது வரைக்கும் நான் இங்கியே உக்காந்திருக்கறனுங்க."