படிவத்தின் பின்பக்கம்

பள்ளியிலிருந்து வந்த படிவத்தின் முன்பக்கத்தை உமாபதி ஒரே மூச்சில் படித்து முடித்தான். ஏலகிரி மலையில் மூன்று நாள் முகாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. இரண்டு இரவு அங்கேயே தங்கல். தலைக்கு மூவாயிரத்து எண்ணூறு ரூபாய், செவ்வாய்க்கிழமைக்குள் கட்ட வேண்டும். முந்தின நாள்தான் நெய்து முடித்த ஒரு முகூர்த்தப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து நெசவாளர் சங்கத்தில் கொடுத்துக் கூலி வாங்கியிருந்தான். பணம் வீட்டில் இருந்தது.

பின்பக்கத்தைத் திருப்பினான். 'மாணவருக்கு நோய் ஏதேனும் உண்டா? தொடர்ந்து மருந்து எடுத்துக்கொள்கிறாரா?' என்று கேட்டு, கீழே மூன்று கோடு போட்டிருந்தார்கள். அங்கே நின்றுவிட்டான்.

அவன் மகள் அபிநயாவுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை வந்தது. குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தாள், ஒரே மாதத்தில் எலும்பும் தோலுமாய் ஆனாள், ஒரு நாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. சென்னை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை இது, மாத்திரையில் அடங்காது, தினமும் நாலு வேளை இன்சுலின் ஊசி போட வேண்டும், வாழ்நாள் முழுக்க என்றார் டாக்டர்.

ஊசி என்பது அந்த வீட்டில் இந்திராணியின் வேலையாயிற்று. உமாபதியால் பார்க்க முடியாது. ஊசிப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டாலே தறிக்குழிக்குள் இறங்கிவிடுவான். மிதியை மிதித்து நாடாவைத் தள்ளி நெய்ய ஆரம்பித்தால் அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் காதில் விழாது.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தது அவன் அக்கா காவேரி. "பொம்பளப் புள்ளடா உமாபதி. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தா இன்னா சொல்லுவே?" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்டாள். உமாபதிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் வீட்டுக்கும் பள்ளிக்கும் இரண்டே தெரு. மதியம் மணி அடித்ததும் அபிநயா வீட்டுக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். மூன்று வருடமாக டீச்சர்களுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்கும் தெரியாது.

"இன்னாப்பா, படிச்சிட்டியா?" அபிநயா எதிரே வந்து நின்றாள்.

"இந்த வருஷம் வேணாம்மா."

"துட்டு இல்லியாப்பா?"

"துட்டு இருக்குது."

"அப்ப ஏன்?"

அவன் படிவத்தை மடித்தான். "மலைமேல மூணு நாளு. யாரு பாத்துக்குவாங்க? எதனா ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

அபிநயா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று பட்டது அவனுக்கு. அவள் படிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. செவிலிமேட்டிலிருந்து காவேரி வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "நல்ல வேள, வேணாம்னு சொன்னே. நோய் இல்லன்னு எழுதிட்டு அனுப்பினா அங்க மயக்கம் போட்டு மானம் போவும். இருக்குதுன்னு எழுதினா இங்கயே போவும். பேசாம இருங்க. கடலுக்கு வேணா நம்மளே ஒரு நாளு கூட்டிக்கினு போலாம்" என்றாள்.

அடுப்படியிலிருந்து இந்திராணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சாதாரணமாக நாத்தனார் பேச்சுக்கு அவள் எதிர்ப்பேச்சு பேசுகிறவள் இல்லை. "அவ போவட்டும் அண்ணி" என்றாள்.

"ஊசி யாரு போடுவா? நீ கூடப் போவியா?" என்றான் உமாபதி.

"நான்தாம்பா போட்டுக்குவேன்" என்றாள் அபிநயா.

"நீ எப்படி போட்டுக்குவே?"

"தினமும் நான்தான போட்டுக்கறேன்!"

உமாபதி மனைவியைப் பார்த்தான். "ஆறு மாசமா அவளேதான் போட்டுக்கறா. நர்ஸம்மா சொல்லிக்குடுத்தாங்க. நான் சும்மா பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கறேன், அவ்ளோதான்" என்றாள் இந்திராணி.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீங்க எங்க பாத்தீங்க? பெட்டிய எடுத்தாலே தறியில எறங்கிடறீங்க."

அவளுக்கு அதைச் சொல்லிக்காட்டும் எண்ணம் இல்லை. உள்ளதைச் சொன்னாள். உமாபதிக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. "ராத்திரி சாப்பாட்டுக்குப் போட்டுக்கும்போது எனக்குக் காட்டு" என்றான்.

அன்று மாலை ஏழு மணிக்கு அபிநயா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உமாபதி எதிரே உட்கார்ந்தான். எழுந்து போய்விடுவோமோ என்ற பயத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டான்.

அவள் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தாள். எண் வந்தது. "நூத்தி எம்பது. மூணு இட்லி சாப்புடப் போறேன். அப்ப எட்டு யூனிட்" என்றாள்.

"எட்டுன்னு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்ல வேணாம்பா. கணக்கு இருக்குது. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. சக்கர எவ்ளோ இருக்குது, இன்னா சாப்புடப் போறோம், ரெண்டையும் பாக்கணும். தோசைன்னா வேற, சோறுன்னா வேற."

மருந்துக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து ஊசியில் ஏற்றினாள். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே இருந்த சின்னக் காற்றுக்குமிழ் மேலே ஏறியதும் மெல்ல அழுத்தி வெளியேற்றினாள். வயிற்றில் ஓர் இடத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, நேராக இறக்கி, மெதுவாக அழுத்தி, உதட்டுக்குள் பத்து வரை எண்ணி எடுத்தாள். எல்லாம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முகத்தை ஒருமுறைகூடச் சுளிக்கவில்லை.

 தினமும் பத்தடி தூரத்தில் தன் மகள் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அவனோ முதுகைக் காட்டிக்கொண்டு தறி அடித்திருக்கிறான்.

"வலிக்குதாம்மா?"

"கொஞ்சம். ஒரே எடத்துல போட்டா வலிக்கும். மாத்தி மாத்திப் போட்டா தெரியாது." பெட்டியை மூடியவள், "அனுப்புறியாப்பா?" என்று கேட்டாள்.

"படிவத்த எடுத்துக்கினு வா" என்றான்.

பேனாவை அவன் எடுக்கப் போனபோது அவளே வாங்கிக்கொண்டாள். மூன்று கோட்டிலும் பொடியாக எழுதினாள்: 'எனக்கு மூன்று வருடமாக டைப் 1 சர்க்கரை நோய். நாலு வேளை ஊசி உண்டு. நானே போட்டுக்கொள்வேன். சர்க்கரை குறைந்தால் செய்ய வேண்டியதைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.' நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதையும் எழுதி இணைத்தாள். உமாபதி கீழே கையெழுத்துப் போட்டான். காவேரி, "எழுத்துல வேற குடுக்கறீங்களா!" என்று மோவாயில் கை வைத்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கோபமாகவே கிளம்பிப் போனாள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் உமாபதி பணத்தையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். வகுப்பாசிரியை இளவரசி முன்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார், பின்பக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "மூணு வருஷமாவா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே சார்" என்றார்.  அபிநயாவையும் கூப்பிட்டு, இருவரையும் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துப் போனார்.

தலைமையாசிரியர் படிவத்தை இரண்டு முறை படித்தார். "தப்பா நெனைக்காதீங்க. நாப்பது புள்ளைங்க, மூணு டீச்சர். மலைமேல எதனா ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? அம்மாவக் கூட அனுப்புங்க. இல்லன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை தான் வீட்டில் சொன்ன அதே வார்த்தைகளை உமாபதி இப்போது அடுத்தவர் வாயால் கேட்டான். யார் எதிரிலும் குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாதவன். சங்கத்தில் கூலியைக் குறைத்துப் போட்டால்கூடத் தலையைச் சொறிந்துவிட்டு வருகிறவன். அன்றைக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"சார், நானும் இதத்தான் சொன்னேன். ஒரே வீட்டுல இருந்துக்கினு எனக்கே தெரியல இவ இன்னா செய்யறான்னு. நீங்க ஒரே ஒரு தடவ பாருங்க. பாத்துட்டு வேணாம்னா நான் கூட்டிக்கினு போயிடறேன்."

"இப்ப எனக்கு ஊசி நேரம்தான் சார்" என்றாள் அபிநயா. இந்திராணி அன்று சாப்பாட்டையும் பெட்டியையும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

அவள் மேசை ஓரத்தில் பெட்டியைத் திறந்தாள். ஊசி வெளியே வந்ததும் தலைமையாசிரியர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். உமாபதி திருப்பவில்லை. பத்து எண்ணி முடிகிறவரை மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இளவரசி டீச்சர் கேட்டார்: "நீ மயங்கி விழுந்தா நான் இன்னா பண்ணணும் அபிநயா?"

"விழறதுக்கு முன்னாடியே தெரியும் மிஸ். கை நடுங்கும், வேர்க்கும், கோவம் வரும். அப்ப சக்கர தண்ணி குடிச்சிட்டு பதினஞ்சு நிமிஷம் உக்காந்துடுவேன். அப்படியும் மயங்கிட்டேன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு நூத்தி எட்டுக்கு போன் பண்ணுங்க. எல்லாம் அந்தத் தாள்ல இருக்குது."

டீச்சர் அந்தத் தாளை எடுத்து மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "சார், என் பக்கத்துலயே படுக்க வச்சுக்கறேன்" என்றார் தலைமையாசிரியரிடம்.

தலைமையாசிரியர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கினு வாங்க. பணம் நாளைக்குக் கட்டலாம்" என்றார்.

அன்று மாலையே காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கடிதம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். நடை அதிகம் இருக்கும், மருந்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள், மூன்று நாளும் என்ன எண் வந்ததென்று எழுதி வந்து எனக்குக் காட்டு என்று அபிநயாவிடம்தான் சொன்னார். உமாபதியிடம் எதுவும் சொல்லவில்லை. அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பணம் கட்டி ரசீது வாங்கினான். கிளம்பும்போது இளவரசி டீச்சர், "கொஞ்சம் இருங்க. அவளே வகுப்புல சொல்லணும்னு கேட்டிருக்கா" என்றார். உமாபதி வகுப்பு வாசலில் நின்றான். அபிநயா கரும்பலகைக்கு முன்னால் நின்று, தனக்கு இன்ன நோய், இன்ன மருந்து, ஏன் மதியத்தில் வீட்டுக்கு ஓடினேன் என்று சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது. பிறகு சரியாயிற்று.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அது ஒட்டிக்குமா?" என்று கேட்டான்.

"ஒட்டாது. ஒட்டிக்கும்னா மொதல்ல எங்க அப்பாவுக்குத்தான் ஒட்டியிருக்கும். அதோ நல்லாத்தான நின்னுக்கினு இருக்காரு" என்றாள். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தது. உமாபதியும் சிரித்தான். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தான்.

சேதி செவிலிமேட்டுக்குப் போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. காவேரி வந்தாள். "ஊரு பூரா சொல்லிட்டாளாமே! நாளைக்கு எவனாவது கேட்டு வந்தா?"

"வந்தா அவன்கிட்டயும் அவளே சொல்லுவாக்கா" என்றான் உமாபதி. "நான் சொல்றதவிட அவ நல்லா சொல்றா. கேட்டுட்டு எவன் பயந்து ஓடறானோ அவன் நமக்கு வேணாம்."

தம்பி இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.  இந்திராணி காப்பி கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு, "ஏலகிரி குளுருமே. புள்ளைக்கு ஸ்வெட்டர் இருக்குதா?" என்று கேட்டாள்.

முகாம் நடந்த மூன்று நாளும் உமாபதிக்கு வேலை ஓடவில்லை. நாலு தடவை இழை அறுந்தது. மாலை ஆறு மணிக்கு டீச்சர் போனிலிருந்து ஒரு அழைப்பு வரும், இரண்டு நிமிடம். முதல் நாள் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் நாள் அபிநயா, "மலை ஏறினோம்பா. பாதி வழியில கை நடுங்குச்சு. பாத்தா அறுபத்திரெண்டு" என்றாள்.

உமாபதி எழுந்து நின்றுவிட்டான். "அப்புறம்?"

"சக்கர தண்ணி குடிச்சேன். பதினஞ்சு நிமிஷம் உக்காந்தேன். மறுபடி பாத்தா நூத்தி நாலு. அப்புறம் உச்சி வரைக்கும் ஏறினேன்."

"தனியாவா உக்காந்திருந்தே?"

"இல்லப்பா. நான் உக்காந்தேனா, எல்லாரும் உக்காந்துட்டாங்க. நாப்பது பேரும். ஒருத்தன் டைம் பாத்துக்கினே இருந்தான்."

மூன்றாம் நாள் வாடகை பஸ் ஐயம்பேட்டை வரை போகாமல் பிள்ளைகளைக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிட்டபோது மாலை ஆறு மணி. அபிநயா வெயிலில் கறுத்து, தொண்டை கட்டி, தலை கலைந்து இறங்கினாள். இளவரசி டீச்சர் உமாபதியின் அருகில் வந்து, "அவள நான் பாத்துக்கணும்னு போனேன். மிச்சப் புள்ளைங்கள அவதான் சார் பாத்துக்கினா. நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணி குடின்னு ஒரே மெரட்டல்" என்றார்.

ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். ஐயம்பேட்டைக்குப் போகிற பெண்கள் மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பூக்கூடையை மடியில் வைத்திருந்த ஒருத்தி, "எங்கம்மா போயிட்டு வர, மூட்டையும் முடிச்சுமா?" என்று கேட்டாள்.

அபிநயா வாயைத் திறப்பதற்குள் உமாபதி சொன்னான்: "ஏலகிரிக்கும்மா. பள்ளிக்கூடத்துல கூட்டிக்கினு போனாங்க. எம் பொண்ணுக்கு சக்கர இருக்குது, சின்ன வயசுலயே வந்துச்சு. நாலு வேள ஊசி. மூணு நாளும் அவளே போட்டுக்கினா. அவளே கணக்குப் போட்டு, அவளே போட்டுக்கினு, மலை உச்சி வரைக்கும் ஏறிட்டு வந்திருக்கா."

"அப்பா, போதும்பா" என்று அபிநயா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இரும்மா" என்றான். பூக்காரி, "இன்னா வயசாவுது?" என்றாள். ஆட்டோக்காரரும் காது கொடுத்துக் கேட்கிறார் என்று தெரிந்தது. "பன்னெண்டுதான் ஆவுது" என்று அவருக்கும் சேர்த்துக் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு, அறுபத்திரெண்டு எப்படி நூற்று நாலு ஆயிற்று என்பதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.