ஓரடி தூரத்தில் நாத்தனார்

தையற்காரிக்கு அந்தத் துடுப்புப் படகு கிளப்பில் இரண்டு பொறுப்பு. முதலாவது, பெண்கள் படகில் சுக்கான் பிடிப்பது. துடுப்பு போடும் நாலு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்முனையில் இருக்கும் அவள் ஒருத்திதான் முன்னால் பார்ப்பாள். சுக்கான் கயிற்றை இப்படியும் அப்படியும் இழுத்தபடி, "சேர்ந்து போடுங்க! வலப்பக்கம் மெதுவா!" என்று கத்துவாள். ஆள் பார்க்க ஒரு பிடிதான் இருப்பாள். குரல் மட்டும் அக்கரையில் மோதித் திரும்பி வரும்.

இரண்டாவது, பாதுகாப்புச் செயலாளர் பதவி. விதிமுறைத் தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தவள் அவள் ஒருத்திதான் என்று தெரிந்ததும், பொதுக்கூட்டத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அதை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

படகில் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து துடுப்பு போடுபவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. ஊருக்குள் பஸ் ஓட்டுகிறாள். பஸ்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதைக் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். அதே கட்டிடத்தில் மேல் மாடியில் தனியாகக் குடியிருந்தாள். ஆனால் சாப்பாடு, சண்டை, சிரிப்பு எல்லாம் கீழ் வீட்டில்தான். தையற்காரியைப் படகுக்கு இழுத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான். பன்னிரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று காலை, ஓரடி தூரத்தில் முகத்துக்கு முகம். கணவனின் முகத்தைக்கூடத் தையற்காரி அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, புதிதாகச் சேர்ந்தவர்கள் பயிற்சி முடித்துப் படகைக் கரையேற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான படகு அது. முந்தின நாள் பெண்கள் குழு, மறுநாள் புதியவர்கள். தையற்காரி வழக்கம்போல ஒவ்வொரு இருக்கையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் படகில் காலணிகள் பலகையோடு சேர்த்துத் திருகப்பட்டவை. யார் உட்கார்ந்தாலும் அதற்குள்தான் காலை விட வேண்டும். காலணியின் குதிகாலைப் பலகையோடு சேர்த்து ஒரு சிறு கயிறு பிடித்திருக்கும். படகு கவிழ்ந்தால் அந்தக் கயிறு காலணியைப் பிடித்து நிறுத்தும், கால் வழுக்கி வெளியே வந்துவிடும். கயிறு இல்லாவிட்டால் கால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், ஆள் தலைகீழாகத் தொங்க வேண்டியதுதான்.

நாத்தனாரின் இருக்கையில் இரண்டு கயிறும் இல்லை.

அறுந்து போகவில்லை. அறுந்திருந்தால் நூல் பிரிந்து தொங்கும். இது ஒரே வெட்டில், வழவழவென்று நறுக்கப்பட்டிருந்தது. துணி வெட்டுகிறவளுக்கு அது தெரியாதா? வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்து, "சட்டையில நூல் ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்குது, சின்னக் கத்தரியைக் குடுடி" என்று நாத்தனார் வாங்கிக்கொண்டு போனதும் அப்போது நினைவுக்கு வந்தது.

"அந்த இடத்துல இன்னைக்கு யார் உட்கார்ந்தது?" என்று கேட்டாள்.

"நான்தான்க்கா," என்றாள் தபால்காரம்மா. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நீச்சல் இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். "ஏன்க்கா, எதையாவது ஒடைச்சுட்டேனா?"

"இல்லம்மா. நீ ஒண்ணும் பண்ணல."

வீட்டுக்குப் போய், உடை மாற்றாமல் நேரே மாடிக்கு ஏறினாள். நாத்தனார் சீருடையில் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நான்தான் வெட்டினேன். குதிகாலை இழுத்துப் பிடிக்குது, சுதந்திரமா காலை நகர்த்த முடியல. ஒரு சாண் கயித்துக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்த?"

"அக்கா, அந்த இடத்துல இன்னைக்குத் தபால்காரம்மா உட்கார்ந்திருக்காங்க."

"படகு கவுந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"உங்க பஸ்ல ஒருத்தர் பிரேக்குல கையை வச்சுட்டு, அடுத்த டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எறங்கிப் போனா விட்டுடுவீங்களா?"

பாலிஷ் பிரஷ் நின்றது. நாத்தனார் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது என்பது தையற்காரிக்குத் தெரிந்தது. ஆனால் தைத்ததை ஒப்புக்கொள்கிற ரகமில்லை அவள்.

"கிளப் பதிவேட்டுல எழுதப் போறியா?"

"எழுதணும்க்கா."

"எழுது. நல்லா கொட்டை எழுத்துல எழுது. என் பேரு கெட்டு உன் பேரு நல்லா வரட்டும்."

கிளப் பொருளில் கேளாமல் கை வைத்தாலும், கவனக்குறைவால் அதைச் சேதப்படுத்தினாலும் இரண்டு வாரம் படகேறக் கூடாது என்பது விதி. அந்த விதி வந்தபோது இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தவள் இதே நாத்தனார்தான். கிளப் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சாதுவான மனிதர். பதிவேட்டை வாங்கிப் படித்தவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுப் படித்தார். "வீட்டுக்குள்ள பேசி முடிச்சுக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டுப் பார்த்தார். தையற்காரி தலையாட்டவில்லை. அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து பேச்சு வார்த்தை நின்றது. நாத்தனார் சாப்பிட வருவாள், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள். தனக்கு வேண்டியதைத் தம்பியிடம் கேட்பாள். தம்பி, அதாவது தையற்காரியின் கணவன், பேக்கரிக்காரன். விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறவன். பாவம், இரண்டு பெண்களுக்கு நடுவில் அவனே பிசைந்த மாவு மாதிரி ஆகிப்போனான்.

"உன் பொண்டாட்டிகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"அக்கா, உப்பு உன் கைக்குப் பக்கத்துல இருக்கு."

"அதையும் அவகிட்டயே சொல்லச் சொல்லு."

இரண்டாவது வாரம் கிளப்புகளுக்கு இடையிலான போட்டி. நாத்தனார் இல்லாமல் வேறொருத்தியை உட்கார வைத்துப் போனார்கள். கடைசி இடம். அதுவும் சாதாரணக் கடைசி இல்லை. இவர்கள் கரைக்கு வந்தபோது ஜெயித்தவர்கள் உடை மாற்றி முடித்திருந்தார்கள். போட்டி நேரத்தில் ஒரு பஸ் பாலத்தின் மேல் வெகுநேரம் நின்றதைத் தையற்காரி பார்த்தாள். சிக்னல் சிவப்பாக இருந்தது என்று பிறகு நாத்தனார் தம்பியிடம் சொன்னாளாம். அந்தப் பாலத்தில் சிக்னலே கிடையாது.

இரண்டு வாரம் முடிந்தது. நாத்தனார் படகுத்துறைக்கு வந்தாள், யாரிடமும் எதுவும் பேசாமல் தன் இருக்கையில் ஏறி, புதுக்கயிறு கட்டிய காலணிக்குள் காலை விட்டாள். பிறகு நிமிர்ந்து, தையற்காரியின் காதுக்குப் பக்கத்தில் இருந்த ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வீட்டில் முகம் கொடுக்காமல் இருந்துவிடலாம். அடுத்த அறை இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது. படகில் எங்கே போவது? ஒவ்வொரு துடுப்புக்கும் நாத்தனாரின் முகம் ஓரடிக்கு வரும், பின்னால் போகும், மறுபடி வரும். மூக்குக்கு மேல் வியர்வை. உதடு ஒரே கோடு. வரும்போதெல்லாம் புருவம் லேசாகச் சுருங்குவதைத் தையற்காரி கவனித்தாள். கோபமா, வேறு ஏதாவதா? 'ரொம்பத்தான் பண்ணிட்டேனா' என்று நினைத்தாள். 'இறங்கினதும் நானே பேசிடணும், என்ன சொல்லி ஆரம்பிக்கிறது' என்று நினைத்தாள். கண் தண்ணீரில் இல்லை, அந்தப் புருவத்தில் இருந்தது.

ஆற்றின் நடுவே, ஆழம் குறைந்த இடத்தைக் காட்ட ஒரு மரக்கம்பம் நட்டிருக்கும். பன்னிரண்டு வருடமாக அது அங்கேயேதான் இருக்கிறது.

மடாரென்று ஒரு சத்தம். இடப்பக்கத் துடுப்பு ஒன்று முறிந்து பறந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் உள்ளே அள்ளி ஊற்றி, ஆடி ஆடி நின்றது. கவிழவில்லை. தையற்காரி பக்கவாட்டுப் பலகையில் தோள் இடித்து, கயிறுகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தாள்.

"அடியே! அடி பட்டுச்சா?"

பதினெட்டு நாளுக்குப் பிறகு நாத்தனார் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. துடுப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். தலையைத் தடவினாள், கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "விரலை அசை. அசைடி. தைக்கிற கை!"

"ஒண்ணும் இல்லக்கா. மத்தவங்களைப் பாருங்க."

முறிந்த துடுப்பைப் பிடித்திருந்தவளுக்கு மணிக்கட்டில் லேசான சுளுக்கு. மற்றபடி எல்லோரும் நனைந்ததோடு சரி. மூன்று துடுப்பால் தத்தித் தத்திக் கரை சேர்ந்தார்கள்.

கொட்டகையில் தலைவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்தார். நாத்தனார் முன்னால் வந்தாள்.

"என் தப்புதான். ரெண்டு வாரம் பழக்கம் விட்டுப்போச்சுல்ல, துடுப்பை ஆழமா போட்டுட்டேன். படகு ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. எழுதிக்கோங்க."

பச்சைப் பொய். எல்லோருக்கும் தெரியும். தலைவருக்கு அந்தப் பொய் பிடித்துப்போனது போலிருந்தது, பேனாவைத் திறந்தார். தையற்காரி அதை அவர் கையிலிருந்து வாங்கி, ஈரம் சொட்டச் சொட்ட எழுதினாள்: 'சுக்கான் பிடித்தவர் முன்னால் பார்க்கவில்லை.' கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

நாத்தனார் எட்டிப் பார்த்துப் படித்தாள். "உனக்கென்ன பைத்தியமா? உன்னைக் காப்பாத்தலாம்னு பார்த்தா..."

"என்னைக் காப்பாத்தினா கம்பத்துல மோதினது இல்லைன்னு ஆயிடுமாக்கா?"

நாத்தனார் அவளை முறைத்துப் பார்த்தாள். அப்புறம் எங்கிருந்தோ சிரிப்பு வந்தது அவளுக்கு. முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க. "இவளை வச்சுக்கிட்டு என் தம்பி எப்படித்தான் குடும்பம் நடத்துறானோ!" என்றாள் கொட்டகைக்கே கேட்கும்படி. தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு வாரம்மா," என்றார் மெல்ல.

இப்போது சுக்கான் பிடிக்க ஆள் இல்லை. "பஸ் ஓட்டுறவளுக்கு இது என்ன பிரமாதம்?" என்று நாத்தனார் தானே கிளம்பினாள். சுக்கான் இருக்கை ஒல்லியானவர்களுக்கென்று செய்தது. அவளை அதில் உட்கார வைக்க இரண்டு பேர் தோளைப் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. எடுக்க மூன்று பேர்.

திங்கள் சாயங்காலம் தையல் கடைக்கு வந்தாள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல் சுத்தமாகக் கட்டியிருந்தது.

"எப்படிடி கத்துற நீ? அதுவும் பன்னெண்டு வருஷமா?" என்று கிசுகிசுத்தாள். "பஸ்னா பிரேக் போட்டா நிக்கும். இது நிக்கவே மாட்டேங்குது. எதிர்ல ஒரு படகு, பக்கத்துல வாத்துக் கூட்டம், நாலு பேரும் என் மூஞ்சியையே பார்க்கறாங்க. எந்தக் கயித்தை இழுக்கறதுன்னே தெரியல."

தையற்காரி சிரித்து, மெஷினை நிறுத்தி, வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நாத்தனார் முக்காலியில் உட்கார்ந்து, வலது ஷூவைக் கழற்றிக் காலை நீட்டினாள். கழற்றும்போது அதே புருவச் சுருக்கம்.

தையற்காரி குனிந்து பார்த்தாள். குதிகாலுக்கு மேலே நரம்பு ஓடும் இடம் பூசணிப் பிஞ்சு போல வீங்கியிருந்தது.

"இது எத்தனை நாளா?"

நாத்தனார் டம்ளரை எடுத்து வெந்நீரை ஊதினாள்.

"அக்கா, எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்." நாத்தனார் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதனாலதான் அந்தக் கயித்தை... காலைத் தூக்க முடியல. உன்கிட்ட சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போவ. டாக்டர் எழுதிக் குடுத்தா டிப்போல தெரியும். தெரிஞ்சா வண்டி குடுக்க மாட்டாங்க. வீட்டுல உட்கார்ந்து நான் என்னடி பண்ணுவேன்? அந்த மாடியில தனியா உட்கார்ந்து செவுத்தையா பார்க்கறது?"

தையற்காரி முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதையும் எழுதிடுவியா?" என்று கேட்டாள் நாத்தனார். பாதி கிண்டல், பாதி பயம்.

"எழுத மாட்டேன். நாளைக்குக் காலையில கடையைப் பூட்டிட்டு உங்க கூட வர்றேன். டாக்டர்கிட்டயும் வர்றேன், டிப்போவுக்கும் வர்றேன். இந்தக் காலை வச்சுக்கிட்டு பிரேக் போடுறீங்க, பின்னால அறுபது பேர் உட்கார்ந்திருக்காங்க. அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும்," என்றாள் நாத்தனார் சத்தமே இல்லாமல். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு நீ பஸ்ஸைப் பத்திச் சொன்னப்பவே தெரியும்," என்றாள்.

மறுநாள் டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார், நாத்தனார் மேசையைப் பிடித்துக்கொண்டாள். தசைநார் வீக்கம். ஆறு வாரம் வண்டி கிடையாது, துடுப்பும் கிடையாது. அப்புறம் சரியாகிவிடும். டிப்போவில் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. புது ஓட்டுநர்களுக்கு வழித்தடம் சொல்லித் தரும் மேசைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம். அதில் உட்காரச் சொன்னார்கள். நாத்தனாருக்கு அதில் ஒரு வருத்தம்தான்: வண்டியை விட்டுப் போகாதே என்று யாரும் அவளிடம் கெஞ்சவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பை அவளே எடுத்துத் தையற்காரியின் பக்கம் தள்ளினாள். பேக்கரிக்காரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிம்மதியாக இன்னொரு கரண்டி பரிமாறிக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருத்திக்குத் தடை, ஒருத்திக்குக் கால். இருவரும் படகுத்துறைப் பெஞ்சில் ஒரு போர்வையைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தலைவரே சுக்கான் பிடிக்க, புதியவர்கள் படகு கிளம்பியது. நாத்தனாரின் இருக்கையில் தபால்காரம்மா, நாக்கைக் கடித்துக்கொண்டு, துடுப்பைக் குடை மாதிரி பிடித்திருந்தாள்.

நாத்தனாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொண்டை இன்னும் திறக்கவில்லை. தையற்காரியின் முழங்கையைக் கிள்ளினாள். "தோளைத் தளர்த்தச் சொல்லு."

"தோளைத் தளர்த்துங்க!" என்று தையற்காரி ஆற்றைப் பார்த்துக் கத்தினாள்.

"முதுகு வளையுது பாரு. நிமிரச் சொல்லு."

"முதுகு! நிமிருங்க!"

"அந்த மனுஷனை நேரா பார்த்து ஓட்டச் சொல்லு. கண்ணாடிக்கடை வச்சிருந்து என்ன பிரயோஜனம்?"

"அதை நான் சொல்ல மாட்டேன்க்கா."

"சொல்லுடி."

"தலைவரே! நேரா பாருங்க!"

படகிலிருந்து தலைவர் பதறிப் போய்க் கையசைத்தார். அசைத்த கையில் இருந்த சுக்கான் கயிறும் கூடவே இழுபட, படகு ஒரு அரை வட்டம் போட்டுத் துறையையே நோக்கித் திரும்பி வந்தது. தபால்காரம்மா எதற்கென்று தெரியாமலே, ரொம்ப சந்தோஷமாக, முழுப் பலத்தோடு துடுப்பு போட்டுக்கொண்டிருந்தாள்.