இரண்டு சுவர்களுக்கு நடுவே பன்னிரண்டு அடி

1

வெட்டு மேசையில் விரித்திருந்த துணியைச் சகாயராஜ் ஒரே இழுப்பில் ஒதுக்கினார். அந்த இடத்தில் ஒரு வரைபடத்தை விரித்தார். மணி நாலு பத்து. ஐந்துக்குள் ஒரு மெயில் போயாக வேண்டும். போகாவிட்டால் அவர் தங்கச்சி வீட்டுக்குள் கடல்—

(நிறுத்துகிறேன். திருப்பூரில் ஏது கடல் என்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். துணி வெட்டும் மெஷினை வைத்து ஒரு கொலை எழுதலாமா என்று விசாரிக்கத்தான் மங்கலம் ரோட்டிலுள்ள அந்த பனியன் கம்பெனிக்குப் போனேன். கொலை கிடைக்கவில்லை. இது கிடைத்தது.)

2

சகாயராஜ் அங்கே கட்டிங் மாஸ்டர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து வந்தவர். ஊரை ஒட்டி ஒரு கடற்படைத் தளம். (பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.) கடல் ஏறுகிறது, புயல் வலுக்கிறது. அதனால் தளத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே ஒரு பாதுகாப்புத் திட்டம்: தளத்துக்கு ஒரு சுவர், ஊருக்கு ஒரு சுவர். வரைபடத்தை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் மெயில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இன்று கடைசி நாள்.

முதலாளி மகுடேஸ்வரன் வந்து நின்றார்.

"ஏனுங் மாஸ்டர், துணிய ஒதுக்கிப்போட்டு என்னத்த வெட்டறீங்க?"

"கடல வெட்டுதேன் மொதலாளி."

"அதுல எத்தன பீஸுங்க வரும்?"

"ரெண்டு. ஆனா சேத்துத் தைக்க எடமே விடல, பாருங்க."

முதலாளி குனிந்தார். தளத்துச் சுவர் ஓரிடத்தில் முடிந்தது. ஊர்ச் சுவர் பன்னிரண்டு அடி தள்ளித் தொடங்கியது. நடுவில் வெறும் மணல்.

"ஆருங்க இத வெட்டுனது? நம்ம கம்பெனியா இருந்தாக் கத்தரியப் புடுங்கிட்டு அனுப்பிருப்பனுங்க!"

"அந்த ஓட்டைக்கு நேர் பின்னால என் தங்கச்சி வீடு."

முதலாளியின் சிரிப்பு நின்றது. "அப்பப் பேசீட்டு நிக்காதீங்க. போயி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காருங்க. துணி கெடக்கட்டும்."

(இவரை முதல் வரைவில் வில்லனாக வைத்திருந்தேன். ஒத்துழைக்க மறுத்துவிட்டார்.)

3

நாலு முப்பத்தைந்துக்கு மெயில் போயிற்று: 'இடைவெளியை மூடுங்கள்.' ஒரு கட்டிங் மாஸ்டரின் கண் ஒரு ஊரையே—

அடித்துவிட்டேன் அந்த வரியை. ஏனென்றால் நாலு ஐம்பத்தெட்டுக்கு அதே ஆள் இரண்டாவது மெயில் அனுப்பினார்: 'இடைவெளியை மூட வேண்டாம். முந்தைய மெயிலை விட்டுவிடுங்கள்.' கூடவே மேசையில் சாக்பீசால் வரைந்த படத்தின் போட்டோ. காலர் டி-ஷர்ட்டின் பட்டன் பட்டியைப் பாருங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அதுபோல ஊர்ச் சுவர், ஒரு சந்து விட்டு, தளத்துச் சுவருக்கு முன்னால் கொஞ்ச தூரம் நீண்டு போகிறது. வழி இருக்கிறது. அலை மட்டும் நேராகப் பாய முடியாது.

முடிவு ஒன்று: பொறியாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முடிவு இரண்டு: பனியன் தைக்கிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று சிரித்தார்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் என் கைச்சரக்கு. பதில் இன்னும் வரவில்லை. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் மறைத்தது ஒன்று பாக்கி.

4

நாலு நாற்பதுக்குச் சகாயராஜ் தங்கச்சி விஜயராணிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில், பெருமை கேட்க ஆள் வேண்டுமல்லவா.

"அந்த ஓட்டைய அடைக்கச் சொல்லிட்டேன் தாயி. இனி நீ பயமில்லாமத் தூங்கு."

போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏட்டி, கேக்கா?"

"எண்ணே, நீ ஊர விட்டுப் போயி எத்தன வருசமாச்சு? சுவரு எழும்பிட்டா வள்ளத்த எப்படிக் கடல்ல எறக்க? தலைல தூக்கிட்டா? நாப்பது வள்ளம் போகணும்ணே."

"அதுக்கு உன் வீட்டுக்கு நேராவா?"

"வேற யாரு வீட்டுக்கு நேராக் கேக்கச் சொல்லுத? அந்த வழிய விடச் சொல்லி மனு எழுதுனதே நாந்தாண்ணே. மொதக் கையெழுத்து என்னது."