யார் பேர்ல பர்மிட்?

விடிவதற்கு முன்பே மாந்தோப்புச் சமையல் கொட்டகையில் புகை மண்டிவிட்டது. ஈரப் புளியங்கட்டை. ஊதி ஊதி ஆதிமூலத்தின் கண்கள் சிவந்து கிடந்தன. பக்கத்தில் அவன் மனைவி தனம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து சொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை. மூன்று பேர் பிடித்தால்தான் அசையும் பெரிய பிரியாணித் தேக்சாவை ஆதிமூலமும் சமையல்காரர் நசீருதீன் பாயும் இரண்டே பேராகத் தூக்கி அடுப்பில் ஏற்றினார்கள். மூன்றாவது ஆளை முதலாளி போன மாசம் நிறுத்திவிட்டார். அவன் கூலி தண்டமாம். ஏற்றும்போது பாயின் இடுப்பில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. அடுப்புச் சுவரில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையுமாகக் கொஞ்ச நேரம் நின்றவர், ஒன்றும் நடக்காதது போல எண்ணெயை ஊற்றினார்.

முதலாளி என்றால் சக்கரவர்த்தி. திருவண்ணாமலையில் கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு என்று எதற்கும் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். பாத்திரமும் அவருடையது, ஆளும் அவருடைய ஆள். பாத்திரம் நசுங்கினால் வருத்தப்படுவார். ஆதிமூலம் அவரிடம் பந்தி பரிமாறுகிறவன். அவன் வாளியோடு வரிசையில் இறங்கினால் ஒரு சொட்டுக் குழம்பு இலைக்கு வெளியே விழாது. வாளியின் சூடு தொட்டுத் தொட்டு இடது காலில் முழங்காலுக்குக் கீழே தோல் கறுத்துப்போயிருந்தது.

வெயில் ஏறிய பிறகு சகாதேவன் வந்தான். தலையைப் படிய வாரியிருந்தான். செய்தித்தாளில் சுற்றிய வெள்ளைக் கோட்டு கையில் இருந்தது.

"இன்னாப்பா, வேலயெல்லாம் ஆயிடுச்சா?" என்றான்.

ஆதிமூலம் அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினான். வயிறு எரிந்தது அவனுக்கு. எரியாமல் என்ன செய்யும்? இரண்டு பேரும் அடி அண்ணாமலைக்காரர்கள். ஒரே தெரு, ஒரே வயசு, ஒன்றாகத்தான் சக்கரவர்த்தியிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். போன வருஷம் வரை சகாதேவனும் வாளி தூக்கினவன்தான். பெரிய மனிதர்கள் வீட்டு விருந்துகளில் மறைப்புத் துணி கட்டி, அதன் பின்னால் பிராந்தி, விஸ்கி ஊற்றும் கவுண்டர் வைக்க ஆரம்பித்தார் முதலாளி. அதற்கு நின்று ஊற்ற ஒரு ஆள் வேண்டியிருந்தது. சகாதேவன் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் உயரம். அவ்வளவுதான் தகுதி. அவனுக்கு நிழல், ஆதிமூலத்துக்கு அடுப்பு. அவன் சட்டைப்பையில் குடித்தவர்கள் இனாம் திணித்தார்கள். ஆதிமூலம் பரிமாறிய இலையில் சாப்பிட்டவர்கள் ஏப்பம் விட்டுவிட்டுப் போனார்கள். சகாதேவனை முதலாளி "தம்பி" என்றார், மற்றவர்களை "டேய்" என்றார். தெருக்குழாயடியில் சகாதேவனின் மனைவி சந்திரகலா நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு குடம் வைக்கும்போது தனத்துக்கும் அதே எரிச்சல்தான். புருஷனும் பெண்சாதியும் ராத்திரி சாப்பிடும்போது வேறு பேச்சே பேசுவதில்லை.

அன்றைக்கும் மறுநாளைக்கும் ஒரு அரிசி மில்காரர் வெளியூர் வியாபாரிகளுக்கு விருந்து வைத்திருந்தார். முதல் நாள் இந்தச் செங்கம் ரோட்டு மாந்தோப்பில். பத்து மணிக்கு முதலாளியின் அம்பாசிடர் வந்து நின்றது. டிக்கியில் பாட்டில் பெட்டிகள். "டேய் ஆதி, எறக்கு" என்றார். அவன் இறக்கினான். தனம் ஐஸ் கட்டியைச் சாக்கோடு தூக்கிப் போனாள். பாய் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் மார்க்கத்துக்கு அது ஆகாது. ஆனால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"முதலாளி, பர்மிட்டு வந்துடுச்சுங்களா?"

சாராயக் கடைகள் மறுபடி திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. கடையில் வாங்கிக் குடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் நாலு பேரைக் கூட்டி விருந்து வைத்து, ஆள் போட்டு ஊற்றிக் கொடுப்பதென்றால் அந்த இடத்துக்கு, அந்த நாளுக்கு என்று வேலூர் ஆபீசில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். யார் பேரில் வாங்குகிறார்களோ அவர்தான் பொறுப்பு. பாய்க்கு இதெல்லாம் தெரிந்திருந்தது.

"சொல்லி வெச்சிருக்கேன் பாய். வந்துடும். நீங்க பிரியாணியப் பாருங்க."

"வந்தப்புறம் எறக்கலாமேங்க?"

"வேலூர் ஓட்டல்காரன் மாசத்துக்கு நாலு பார்ட்டி எடுக்கறான். நம்ம ஊருக்குள்ளயே வந்து எடுக்கறான். நான் பர்மிட் வர்ற வரைக்கும் வாயில ஈ போறது தெரியாம குந்திக்கினு இருக்கணுமா?"

முதலாளிக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. அவருக்கு இருந்தால் அதற்குத் தொழில் வளர்ச்சி என்று பெயர்.

இரண்டாவது பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது மதுவிலக்குப் போலீஸ் ஜீப் தோப்புக்குள் நுழைந்தது. யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருந்தார்கள். மறைப்புத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தார் சப்-இன்ஸ்பெக்டர். மேஜை மேல் பாட்டில்கள் வெயிலில் மின்னின.

"பர்மிட் எங்க? யாருய்யா இங்க இன்சார்ஜ்?"

சக்கரவர்த்தி அவசரமாக ஒதுங்கப் போகிறவர் போல ஒரு மாமரத்துக்குப் பின்னால் நகர்ந்தார். மில்காரர் வியாபாரிகளைப் பார்த்தார். வியாபாரிகள் இலையைப் பார்த்தார்கள். அப்போது சகாதேவன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

"நான்தான் சார் இன்சார்ஜ்."

ஆதிமூலம் கையில் சோற்றுக் கூடையோடு நின்றிருந்தான். இத்தனை பெரிய மனிதர்கள் முன்னால், ஒரு அதிகாரிக்கு எதிரே, எவ்வளவு எடுப்பாகச் சொல்லிவிட்டான்! இப்படி ஒரு வார்த்தை நம் வாயில் என்றைக்கு வரப்போகிறது? அந்த நேரத்திலும் அவனுக்குப் பொறாமைதான் வந்தது. அடுத்த நொடியே சப்-இன்ஸ்பெக்டர் கோட்டுக் காலரைப் பிடித்து சகாதேவனை ஜீப்பில் ஏற்றினார். பெட்டிகளும் கூடவே போயின. ஜீப் போன தூசி அடங்கியதும் மில்காரர், "மோர் கொண்டாங்கப்பா" என்றார். ஆதிமூலம் மோர் வாளியைத் தூக்கினான்.

சாயங்காலம் கொட்டகையில் பாத்திரம் தேய்க்கிற ஆராயி தேக்சாவின் அடியில் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சந்திரகலா வந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். காலெல்லாம் புழுதி.

"போட்டுக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று ஆதிமூலத்தின் எதிரே நின்றாள். "அந்தக் கோட்டப் பாத்தா யாருக்கு வயிறு எரியும்னு தெருவுக்கே தெரியும்."

"நாக்க அடக்கிப் பேசு. எம் புருஷன் ஸ்டேஷன் படி ஏறினவரு இல்ல" என்று தனம் எழுந்துவிட்டாள்.

ஆதிமூலம் அடுப்புச் சாம்பலைக் கிளறினான். பெட்டிஷன் அவன் போடவில்லை. ஆனால் இவன் ஒரு நாள் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும் என்று எத்தனை ராத்திரி நினைத்திருக்கிறான்! செய்யவில்லை என்று சத்தியம் பண்ணலாம். நினைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? தனத்துக்கும் அதே கதிதான். தலை கலைந்து நிற்கும் சந்திரகலாவைப் பார்த்ததும் அவள் மனசில் ஒரு துளி திருப்தி வந்தது. வந்த வேகத்தில் தன்மேலேயே அருவருப்பும் வந்தது. அருவருப்பில் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினாள்.

பாய்தான் நடுவில் வந்தார். "ரெண்டு பேரும் அப்புறம் சண்ட போடுங்க. நாளைக்கு அவனக் கோர்ட்டுக்குக் கொண்டு போனா ஜெயில்தான். முதலாளி போயி, சரக்கு என்னுது, அவன் கூலிக்காரன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். கேக்கலாம் வாங்க."

கேட்கப் போக வேண்டியிருக்கவில்லை. கார் வந்து நின்றது. சக்கரவர்த்தி இறங்கினார், கையில் ஒரு பொட்டலத்தோடு.

"ஐயா, எங்க வூட்டுக்காரரு..." என்று ஆரம்பித்த சந்திரகலாவை அவர் கையமர்த்தினார்.

"நான் இன்னாம்மா பண்றது? நான்தான் இன்சார்ஜ்னு அவனே எல்லார் எதிர்லயும் ஒத்துக்கிட்டான். இப்ப நான் போனா என்னையும் சேத்து உள்ள தள்ளுவான். அப்புறம் இவங்களுக்கெல்லாம் யாரு சோறு போடறது?"

"சோறு நாங்க போடறதுங்க. ஊருக்கே போடறோம்" என்றார் பாய்.

"பாய், உங்க மரியாதையக் காப்பாத்திக்குங்க." முதலாளி ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. "தம்பி ஆதி, நாளைக்கு அவலூர்பேட்டை ரோட்டுத் தோட்டத்துல ரெண்டாம் நாள் விருந்து. எடத்த மாத்தியாச்சு. போலீசு தொடர்ந்து ரெண்டு நாள் வராது. கவுண்டர்ல நீ நில்லு. இனிமே நீதான்."

பொட்டலத்தைப் பிரித்தார். புதுக் கோட்டு. மடிப்பு கலையாதது.

தம்பி! காலையில்கூட "டேய்" என்றவர். பாய் கீழே பார்த்தார். சந்திரகலா அவனையே பார்த்தாள். அவன் ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்தான். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. தனம் பார்த்தாள். அவன் எதற்காக ஏங்கினானோ அது அவன் மேல் ஏறிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"உனக்கு எடுப்பாத்தான் இருக்குது. பர்மிட் யார் பேர்லன்னு கேட்டுக்க" என்றாள்.

ஆதிமூலம் இன்னொரு கையை நுழைக்காமல் நின்றான். "ஆமாங்க முதலாளி. யார் பேர்ல?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

"ஒருவேள போலீசு வந்துட்டா நான் இன்னா சொல்லணும்?"

"நான்தான் இன்சார்ஜ்னு சொல்லு. நெஞ்ச நிமித்திச் சொல்லணும். அவன் சொன்னான்ல, எப்பிடிச் சொல்லிக் குடுத்தேனோ அப்பிடியே."

சொன்ன பிறகுதான் சக்கரவர்த்திக்குத் தான் சொன்னது உறைத்தது. ஆராயியின் தேய்ப்புச் சத்தம் நின்றது.

"சொல்லிக் குடுத்தீங்களா?" என்றான் ஆதிமூலம்.

அவனுக்கு மத்தியானம் கேட்ட அந்தக் குரல் ஞாபகம் வந்தது. அதைச் சகாதேவனின் கெத்து என்று நினைத்து எரிந்துகொண்டிருந்தானே! அது அவனுடையதே இல்லை. கிளிக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல முதலாளி சொல்லிக் கொடுத்து வைத்திருந்த வார்த்தை. மாட்டுவதற்கென்றே ஒரு ஆளை நிறுத்தி, அவனுக்கு வெள்ளைக் கோட்டும் மாட்டியிருக்கிறார். இதற்கா ஒரு வருஷம் தூங்காமல் புரண்டோம் என்று ஆதிமூலத்துக்கு அவமானமாக இருந்தது. அவமானம் அப்படியே கோபமானது. கையை வெளியே உருவினான்.

"வேணாங்க முதலாளி."

"யோசிச்சுப் பேசு. நாளைக்கு இந்தக் கோட்டப் போட நூறு பேரு வருவான்."

"வரட்டும். எவன் வந்தாலும் பர்மிட் உங்க பேர்ல வாங்கி, எல்லாரும் பாக்கற மாதிரி மாட்டி வெக்கணும். அப்பதான் பாட்டில எறக்குவோம். மொதல்ல நீங்க ஸ்டேஷனுக்கு வாங்க. சகாதேவன் வெளிய வர்ற வரைக்கும் எந்தக் கொட்டாயிலயும் அடுப்பு எரியாது."

"டேய், யாரக் கேட்டுச் சொல்ற?"

ஆதிமூலம் திரும்பிப் பார்த்தான். உண்மையில் யாரையும் கேட்டிருக்கவில்லை. பாய் தோள் துண்டை உதறிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றார். ஆராயி கரிக்கையோடு எழுந்து வந்தாள்.

"என்னக் கேட்டுத்தான் சொன்னான்" என்றார் பாய்.

மறுநாள் காலையில் அவலூர்பேட்டை ரோட்டுத் தோட்டத்தில் கறி வந்து இறங்கியது, அரிசி வந்து இறங்கியது, சமைக்க ஆள் வரவில்லை. அவர்கள் எல்லாரும் ஸ்டேஷன் வாசல் வேப்ப மரத்தடியில் இருந்தார்கள்.

"இன்னா கூட்டம் இது?" என்று ஏட்டு வந்தார்.

"சாட்சி சொல்ல வந்திருக்கோம்ங்க" என்றார் பாய்.

"ஒருத்தர் இருங்க. மத்தவங்க கெளம்புங்க."

"ஒண்ணா வந்தோம். சொல்லிட்டு ஒண்ணா போறோம்ங்க."

ஏட்டு முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். முதலாளி பஸ் ஸ்டாண்டில் வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். கிடைத்தாலும் கிடைத்துவிடும். பசித்தவர்களுக்கா ஊரில் பஞ்சம்? பாய் உட்கார முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆதிமூலம் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். சகாதேவன் சுவரோரம் குந்தியிருந்தான். கோட்டைப் பறித்துக்கொண்டு பனியனோடு விட்டிருந்தார்கள். இத்தனை பேர் தனக்காக வந்திருப்பதைப் பார்த்து அவன் கண் கலங்கியது. பாழாய்ப்போன மனசு, அப்போதும் ஆதிமூலத்துக்குச் சுருக்கென்றது.

"பாய், நான் உள்ள இருந்தா இத்தினி பேரு வருவீங்களா?"

"நீ சாட்சி சொல்லப் போறியே, உன்னையும் புடிச்சி வெப்பாங்க. அப்பப் பாத்துக்கலாம்" என்றார் பாய்.

தனம் சிரித்துவிட்டாள். சந்திரகலாவும் சிரித்தாள். பிறகு அவள் கொஞ்சம் நகர்ந்து தனத்துக்கு நிழலில் இடம் விட்டாள்.

"அண்ணே, நேத்து ஆத்தாமையில பேசிட்டேன்" என்றாள். "அவருக்கு உங்க மேல ரொம்பப் பொறாம, தெரியுமா? பந்தியில எல்லாரும் 'ஆதி, இங்க வா, ஆதி, இங்க வை'ன்னு பேரு சொல்லிக் கூப்பிடறாங்களாம். என்னய 'ஏய் கோட்டு'ன்றாங்கன்னு வூட்ல வந்து பொலம்புவாரு."

ஆதிமூலம் ஜன்னலை இன்னொரு முறை பார்த்தான். அட பாவி, நீயுமாடா என்று நினைத்துக்கொண்டான்.

ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் இறங்கி அவர்களைக் கடந்து உள்ளே போனார். எல்லாரும் எழுந்து பின்னால் போனார்கள். ஆதிமூலம் முதல் ஆளாக மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

"பாட்டிலெல்லாம் சக்கரவர்த்தி முதலாளி கார்ல வந்துச்சு சார். எறக்கினது நான்."

"எறக்கினவனும் குத்தவாளிதான். தெரியுமில்ல?"

"தெரியும் சார். எறக்கச் சொன்னது யாருன்னும் எழுதிக்குங்க."

சப்-இன்ஸ்பெக்டர் அவனையும் அவனுக்குப் பின்னால் வாசல் வரை நின்றவர்களையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். தனம் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐஸ் தூக்கினது நான் சார்" என்றாள்.