மங்குஸ்தானுக்கு ஒரு நாள் லீவு

லீவு கேட்கப் போகும்போதே சுகுணாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பதினொரு வருஷம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்ததில், தனக்கென்று ஒரு நாள் கேட்டதே இல்லை. காய்ச்சலுக்கு எடுத்த லீவில்கூட நாலு பேர் துணியைத் துவைத்துக் காயப்போட்டவள் அவள். ஞாயிற்றுக்கிழமை விறகுக்கும் ரேஷனுக்குமே சரியாகிவிடும்.

போன வாரம் மலைச்சரிவில் கூடையோடு நின்றபடியே கண்ணசந்துவிட்டாள். பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த தெய்வம்மா கத்தியிராவிட்டால் ஓடை வரைக்கும் உருண்டிருப்பாள். அன்றைக்கே முடிவு செய்தாள். ஒரு நாள் பர்லியார் பழப்பண்ணைக்குப் போவது. ஒரு மரத்தடி, ஒரு கிலோ மங்குஸ்தான், கூடப் பேச ஒரு ஆளும் கிடையாது.

ஃபேக்டரியில் வேலை செய்யும் கணவன் ரவிச்சந்திரனிடம் மட்டும் சொன்னாள். "போய்ட்டு வா புள்ள. ஸ்கூல் விட்டா பசங்கள நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

மேஸ்திரி லிங்கசாமியிடம்தான் சிக்கல். அவருடைய நோட்டில் லீவுக்கு நாலே காரணங்கள்: சாவு, கல்யாணம், காய்ச்சல், கோயில்.

"என்ன விசயம்?"

"நாளைக்குப் பர்லியார் போகணுமுங்க."

"அங்க என்ன?"

"சும்மா... ஒரு நாளு... எனக்குன்னு..." அதற்கு மேல் வரவில்லை. அடக்கிய சிரிப்பில் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

லிங்கசாமியின் முகம் இளகிவிட்டது. "அட, அழுகாத புள்ள. யாரா இருந்தாலும் ஒரு நாளைக்குப் போறதுதானே." பேனாவைத் திறந்து 'சாவு' என்று எழுதினார்.

எதிரில் நின்ற சுகுணா அதைத் தலைகீழாகவே படித்தாள். திருத்த வாயைத் திறந்தாள். திருத்தினால் லீவு போய்விடுமே என்று மூடிக்கொண்டாள்.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் ஒருத்தர் உறவில் துக்கம் என்றால், அவரைத் தனியாக அனுப்புகிற வழக்கம் அந்த எஸ்டேட்டில் கிடையாது. அப்படி விட்டால் லயத்துக்கே இழுக்கு; கூடப் போகிறவர்களுக்கும் லிங்கசாமியே லீவு எழுதிவிடுவார்.

மறுநாள் காலை தலைக்குக் குளித்து, கிளிப்பச்சைச் சேலை உடுத்தி, மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் எட்டுப் பெண்கள், பின்னால் ஒரு ஜீப், ஜீப்பின் பக்கக் கம்பியில் ஆளுயர ரோஜா மாலை.

"ஏண்டி, எழவு ஊட்டுக்குக் கிளிப்பச்சையா?" என்றாள் தெய்வம்மா.

"பாவம்க்கா. துக்கத்துல கைக்குக் கிடைச்சதச் சுத்தியிருக்கா," என்றாள் சுமலதா.

அவளை இழுத்து ஜீப்புக்குள் ஏற்றிவிட்டார்கள். இரண்டு பக்கமும் தோள்கள் நெருக்கின. சுகுணா சரத்தை இடுப்பில் ஒளித்தாள். கோத்தகிரியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அங்கே டிரைவர் தினேஷ்குமார் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். டீயைக் குடித்துவிட்டு எப்படிச் சொல்வது? குன்னூரில் சொல்லலாம் என்றால், இரண்டு பேர் அவளைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தார்கள். குன்னூரைத் தாண்டி மலைப்பாதையில் இறங்கியதும் தெய்வம்மா தொண்டையைச் செருமினாள். ஒப்பாரியில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"செத்தது யாரு? பேரச் சொல்லு, பாட்டுல சேக்கணும்."

சுகுணா தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சரி, பேரு பொறவு. மெட்டப் பாத்துக்கலாம்." கையை விரித்துத் தொடங்கிவிட்டாள். "காப்பி ஆத்தி வச்சிருந்தேன், கண்ணே நீ வரலியே..."

ஏழு பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். சுகுணாவால் தாங்க முடியவில்லை.

"அக்கா, யாரும் சாகலக்கா!"

தினேஷ்குமார் வளைவில் பிரேக்கை மிதித்தான். ஒப்பாரி பாதியில் நின்றது.

"எனக்கு அசதிக்கா. ஒரு நாளு சும்மா உக்காந்து மங்குஸ்தான் தின்னலாம்னு கிளம்புனேன். மேஸ்திரியாத்தான் சாவுன்னு எழுதுனாரு. நானும் வாய மூடிக்கிட்டேன்."

தெய்வம்மாவின் முகம் சிவந்தது. "அடிப்பாவி! நான் ரெண்டு கண்ணுலயும் நிசத் தண்ணி விட்டிருக்கேன்டி!"

அந்த நேரம் பார்த்து, சாலையோரச் சுவரில் இருந்த குரங்கு ஒன்று தாவி மாலையை இழுத்துக்கொண்டு ஓடியது. சுவர்மேல் ஏறி, மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கட்சிக் கூட்டத்துக்கு வந்த தலைவர்போல் ரோஜாவைப் பிய்த்துத் தின்னத் தொடங்கியது.

முதலில் சிரித்தது சுமலதாதான். "அப்ப... இன்னைக்கு நமக்கு ஒரு வேலையும் இல்லியா?"

எட்டுப் பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பறிக்க வேண்டியதில்லை, அழ வேண்டியதில்லை, சமைக்க வேண்டியதில்லை. ஜீப் குலுங்கும்படி சிரிப்பு கிளம்பியது. தெய்வம்மாவும் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். "வுடுறா தினேசு, பண்ணைக்கு!"

சிரித்துக்கொண்டே வந்தாலும் சுகுணா தலைகளை எண்ணிப் பார்த்தாள். ஒன்பது பேர் கூடினால் அது இன்னொரு லயம்தானே. பண்ணை வாசலில் பழம் வாங்கும்போது தெய்வம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான் தனியா இருக்கலாம்னுதான் வந்தேன்."

"தனியான்னா? எங்களப் புடிக்கலியா?"

"உங்களப் புடிக்கும். ஆனா ஒரு மணி நேரம் யாரும் என்னக் கூப்பிடக் கூடாது. ஊட்டுல, தோட்டத்துல, எங்க போனாலும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்கக்கா."

தெய்வம்மா பழத்தைக் கையில் உருட்டினாள். அவளைக் கடைசியாக யாரும் ஒரு மணி நேரம் கூப்பிடாமல் விட்டது எப்போது? பிரசவத்துக்குப் போனபோதுகூட இல்லை. சட்டென்று திரும்பிக் குரலை உயர்த்தினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. ஒரு மணி நேரம். ஆளுக்கு ஒரு மரம். எவளாவது எவளையாவது கூப்பிட்டீங்க, போகும்போது ஜீப்புல எடம் கிடையாது!"

சுகுணா கடைசி மரத்துக்குப் போனாள். தூரத்தில் ஏதோ குழந்தை "அம்மா" என்றதும் பாதி எழுந்துவிட்டாள். பிறகு, நம்முடையது இல்லை என்று நிதானமாக உட்கார்ந்தாள். பழத்தின் தடித்த ஓட்டை இரண்டு உள்ளங்கையாலும் நசுக்கினாள். உள்ளே பஞ்சுபோல வெள்ளைச் சுளைகள். முதல் சுளையை விழுங்காமல் நாக்கில் வைத்திருந்தாள். காலை நீட்டினாள். மெட்டி போட்ட விரலை ஆட்டிப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தாள். இரண்டு மரம் தள்ளித் தெய்வம்மாவின் குறட்டை கேட்டது.

பண்ணையில் வேலை செய்யும் இருளப்பன் கூட்டிப் பெருக்கிக்கொண்டே வந்தார். மரத்துக்கு ஒருத்தியாக, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேரையும் கவலையோடு பார்த்தார். கடைசி மரத்தடியில் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"ஏம்மா, உங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டையா?"

சுகுணா பழச்சாறு ஒட்டிய விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. இன்னும் பத்து நிமிசம் இருக்குதுங்க."