அம்மா சொல்லாத பெயர்

அன்று காலை ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்தியது 'கான்ஷியஸ்' என்கிற சொல். சின்னசேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆங்கில டீச்சர். ஒரு சொல் கையில் கிடைத்தால் சக்கையாகப் பிழியாமல் விடமாட்டேன் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். மயக்கமில்லாமல் நினைவோடு இருப்பவர் கான்ஷியஸ். பின்னால் 'ஆஃப்' சேர்ந்தால் ஒன்றை மனதில் உணர்ந்திருப்பது. தெரிந்தே, வேண்டுமென்றே செய்கிற காரியத்துக்கும் அதே சொல்தான். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு எழுதப் போனபோது அப்பா போன் செய்தார்.

கல்வராயன் மலையில் எங்கள் கொல்லையில் ஆட்டைப் பிடிக்கப் போன அம்மா, பாறையில் சறுக்கி விழுந்துவிட்டாளாம். தலையில் அடி, கொஞ்ச நேரம் மயக்கம். ஜீப்பில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான் பஸ் பிடித்து ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா துண்டைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவருக்குத்தான் அனுமதி என்று என்னை உள்ளே அனுப்பினார்.

அம்மா கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சென்னைக்காரர், சின்ன வயசு, பொறுமைசாலி. நினைவு சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்ட கேள்விகளுக்கு அம்மா ஊரைச் சொன்னாள், கிழமையைச் சொன்னாள், தன் பெயர் சாமியம்மாள் என்றாள். கணவர் பெயர் என்ன என்றதும் வாயை மூடிக்கொண்டாள். திரும்பக் கேட்டால் சுவரைப் பார்த்தாள். குழப்பம் இருக்கிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். சேலத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்று விளக்கினேன். ரேஷன் கடையிலும் அம்மாவுக்காக நான்தான் சொல்லுவேன்.

"புரியுதுங்க," என்றார் டாக்டர். "ஆனா சொல்ல மாட்டேங்கிறாங்களா, சொல்லத் தெரியலையா? அத நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

அவர் கேட்டது நியாயம்தான். பிறந்ததிலிருந்து அம்மா வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. இப்போது அது அவளுக்கு மறந்தே போயிருந்தாலும் யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரி என்பதால் பரவாயில்லை, ஒரே ஒரு தடவை சொல்லிவிடு என்று கெஞ்சினேன். உதட்டை இன்னும் இறுக்கினாள். பிடிவாதக்காரி. ஆனால் அந்த இறுக்கம் மறந்துபோனவர்களுக்கு வருவதாகத் தெரியவில்லை. தெரிந்தே செய்கிறாள் என்று தோன்றியது. எனக்கும் கோபம் வந்தது, கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"சரி, நானே எழுதிக் குடுத்துடறேன். அப்பா பேரு வெள்ளையன்தான?"

அம்மா விருட்டென்று தலையைத் திருப்பினாள்.

"அடிப்பாவி, அது எங்கண்ணன் பேருடி. ஒம் மாமன இட்டாந்து எனக்குப் புருஷனாக்குறியா? தலையில அடிபட்டது எனக்கா, ஒனக்கா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் சீட்டில் என்னவோ எழுதினார். சேலம் வேண்டாம், ராத்திரி மட்டும் இங்கேயே இருக்கட்டும், காலையில் கூட்டிப் போகலாம் என்றார். அம்மா என்னை முறைப்பதை நிறுத்தவேயில்லை. அந்த முறைப்பைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வெளியே வந்து, டாக்டர் கேட்டதை அப்பாவிடம் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"எம்பேரச் சொல்லிட்டாளா?"

"இல்லப்பா. எவ்ளோ கேட்டும் சொல்லல."

அப்பா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப நல்ல நெனவோடதான் கீறா," என்றார். "வா, டீ குடிக்கலாம்."