ஏழாவது பாட்டு

சமீர் பாடினால் பாதி பாட்டாக இருக்கும், பாதி அலறலாக இருக்கும். அது போஸ்ட்-ஹார்ட்கோர் என்னும் ராக் வகை என்று எத்தனை முறை சொன்னாலும், கோவில்பட்டி பஜாரில் செருப்புக்கடை வைத்திருக்கும் அவன் அத்தா, "தொண்ட கிழிஞ்சிரும்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

சமீரோடு சேர்த்து நான்கு பேர் கொண்ட இசைக்குழுவின் பெயர் உடங்காடு. டிரம்ஸ் வாசிப்பவன் பாலகணேஷ். அவன் அக்கா சுதாராணி இரண்டு வருடங்களுக்கு முன்பு வெடி ஆலை விபத்தில் செத்துப்போனாள். அவளுடைய கடைசி நாளை ஒரே கதையாக, ஏழு பாட்டுகளில் ஓர் ஆல்பம் செய்தார்கள். முதல் பாட்டில் விடியற்காலை ஆலை வேன் வரும். ஏழாவதில் வெடிக்கும். அதில் சமீர் நரம்பு புடைக்க அலறியிருந்தான். அதைப் பதிவு செய்த அன்று பாலகணேஷ் ஸ்டுடியோ சுவரில் சாய்ந்து அழுதான். அக்கா செத்தபிறகு அவன் அழுதது அன்றுதான்.

வெளியிடும் முன்பு பத்திரகாளியிடம் போட்டுக் காட்டுவோம் என்றான் சமீர். சுதாராணியோடு ஆலையில் ஒரே அறையில் வேலை பார்த்து, அதே விபத்தில் முதுகு வெந்து பிழைத்தவள் அவள். சமீரும் பாலகணேஷும் பைக்கில் அவள் ஊரான கடம்பூருக்குப் போனார்கள்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏழு பாட்டையும் கேட்டாள். கழற்றி மடியில் வைத்தாள்.

"சுதா கத்தல தம்பி."

சமீர் நிமிர்ந்து பார்த்தான்.

"கத்துனது நான்தான். தீயப் பாத்ததும் கத்திக்கிட்டே வெளிய ஓடுனேன். அவ கால்மேல வெடி அடுக்குத இரும்பு ரேக்கு சாஞ்சு கெடந்துச்சு. 'பத்திரகாளி, பத்திரகாளி'ன்னு ரெண்டு தடவ கூப்ட்டா. சத்தமாக்கூட இல்ல. தண்ணி கேக்குத மாதிரி. நான் திரும்பிப் பாக்கல. அதுக்கப்புறந்தான் வெடிச்சுது."

பாலகணேஷ் எழுந்து வெளியே போய்விட்டான்.

அந்த வாரமே சமீர் ஏழாவது பாட்டை மாற்றினான். அலறலை எடுத்துவிட்டு, அந்தப் பெயரை மெதுவாக இரண்டு முறை சொன்னான். தன் குரலே அவனுக்குப் பயமாக இருந்தது. கேட்ட பாலகணேஷ் தலையை ஆட்டினான்.

"இது வேண்டாம்ல. வெளிய வந்தா ஊரே பத்திரகாளியப் பிச்சிரும்."

"அப்போ பழச வைப்போமா?"

"பொய்யின்னு தெரிஞ்சப்புறம் அத எப்படி வைக்க?"

ஆல்பம் ஆறு பாட்டோடு வந்தது. கதையை நடுவழியில் விட்டுவிட்டார்கள் என்று ஆல்பத்தைக் கேட்டவர்கள் எழுதினார்கள். பாலகணேஷ் டிரம்ஸை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். உடங்காடு அதோடு சரி.

ஒரு மாதம் கழித்து, அத்தாவின் கடையில் இருந்தபோது சமீருக்குப் பத்திரகாளி போன் செய்தாள்.

"தம்பி, மருமவன் போன்ல கேட்டேன். ஆறுதான் இருக்கு."

"ஒங்க பேரு கெட்டுப்போவக் கூடாதுன்னு எடுத்துட்டோம்க்கா."

 

"போலீசு கேட்டப்போ சொல்லல. சுதா அம்மா என் கையப் பிடிச்சுக் கேட்டப்போவும் சொல்லல," என்றாள். "ஒங்ககிட்ட சொன்னா பாட்டுல வந்துரும்னுதான் சொன்னேன்."